சிறையில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி? – ரங்கூன் ஜெயிலும் நம்ம பக்கத்து ஐ.என்.ஏ. பென்ஷனும்

எங்க பக்கம், அதாவது காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில், 'தியாகி பென்ஷன்' என்று பேச்சு எடுத்தால் பெரியவர்கள் வாயில் இரண்டு ஜெயில் பெயர் வரும். ஒன்று, காங்கிரஸ்காரர்கள் போன அலிபுரம் ஜெயில், பெல்லாரியில். இன்னொன்று ரங்கூன் சென்ட்ரல் ஜெயில்.

இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து, பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, உள்ளே இருந்து, வெளியே வந்தவர்கள். அவர்கள் ஊர் திரும்பியபின் சுதந்திர இந்தியாவின் அரசு அவர்களுக்கு ஒரு மரியாதைத் தொகை கொடுக்க முன்வந்தது. அதை வாங்க ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்: நீ சிறையில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி? பார்க்க சின்னக் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல முடியாமலேயே பலருடைய வாழ்க்கை முடிந்துபோனது.

அக்கரைச் சீமைக்குப் போனவர்கள்

முதலில், ராமநாதபுரத்துக் கரிசல்காட்டு ஆளுக்கு ரங்கூன் ஜெயிலில் என்ன வேலை?

கண்மாய் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் கப்பல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் கதை இதுதான். இலங்கைக்கு மண்டபம் கேம்ப் வழியாக, மலேயாவுக்கு நாகப்பட்டினம் வழியாக, பர்மாவுக்குச் சென்னை வழியாகப் போனார்கள். ரப்பர் தோட்டம், தேயிலைத் தோட்டம், துறைமுகம், அரிசி ஆலை, வட்டிக்கடையில் கணக்கு எழுதுவது என்று கிடைத்த வேலையைப் பார்த்தார்கள். எங்க பக்கத்து ஊர்களில் 'பர்மாக்காரர் வீடு', 'மலாயாக்காரர் வீடு' என்று இன்னும் பெயர் வழங்குவது அதன் மிச்சம்தான்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் போனது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்து வந்தது தனிக்கதை. நடக்க முடியாதவர்களும் கிளம்ப வழியில்லாதவர்களும் அங்கேயே தங்கினார்கள். சிங்கப்பூரில் சரணடைந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களில் ஒரு பகுதியை வைத்து மோகன் சிங் முதல் ஐ.என்.ஏ.வை அமைத்தார். அது கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்து பொறுப்பேற்றதும்தான் படையின் முகம் மாறியது. அதுவரை சிப்பாய்கள் மட்டும் இருந்த இடத்தில் தோட்டத் தொழிலாளிகள், கடைப்பையன்கள், எழுத்தர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணி படையிலும் மலேயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறைய.

ஆக ஐ.என்.ஏ.வுக்குள் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். ஒரு வகை, ஏற்கெனவே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள். இவர்களுக்கு ரெஜிமெண்ட் உண்டு, ராணுவ எண் உண்டு, சேர்ந்த தேதி உண்டு. இன்னொரு வகை, தோட்டத்திலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் நேராகப் படைக்கு வந்தவர்கள். இவர்களைப் பற்றி இந்தியாவில் எந்த அலுவலகத்திலும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நம்ம பக்கத்து ஆட்களில் பலர் இந்த இரண்டாம் வகை. பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

வெள்ளை, சாம்பல், கறுப்பு

1944-ல் இம்பால் படையெடுப்பு தோற்றது. 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர் ரங்கூனை விட்டு ஓடினார்கள். போஸும் கிளம்பினார். நகரத்தில் கொள்ளை நடக்காமல், இந்தியர் உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் ஐந்தாறாயிரம் ஐ.என்.ஏ. வீரர்கள் பின்தங்கினார்கள். மே முதல் வாரம் பிரிட்டிஷ் படை வந்தது. நகரத்துக்குக் காவல் நின்றவர்கள் அப்படியே கைதிகள் ஆனார்கள். ரங்கூன் சென்ட்ரல் ஜெயில் நிரம்பியது இப்படித்தான்.

பிடிபட்டவர்களை விசாரித்து பிரிட்டிஷ் ராணுவம் மூன்று கலராகப் பிரித்தது. ராஜவிசுவாசம் மாறாதவர் என்று முடிவானால் 'வெள்ளை', திரும்ப வேலையில் சேரலாம். பிறர் பேச்சைக் கேட்டுப் போனவர் 'சாம்பல்'. கொள்கைப் பிடிப்போடு சேர்ந்தவர் 'கறுப்பு'. கறுப்பு என்றால் வேலை போகும், சிறைப்பட்ட காலத்துக்குரிய சம்பளமும் போகும்.

இதன் உச்சம் செங்கோட்டை வழக்கு. 1945 நவம்பர் 5-ல் தொடங்கி டிசம்பர் 31-ல் முடிந்தது. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல் தண்டனை. நாடே கொந்தளித்ததும், 1946 ஜனவரி 3-ல் தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை ரத்து செய்தார். நம்ம பாடப்புத்தகத்தில் கதை இங்கே சுபமாக முடிந்துவிடும். ஆனால் தண்டனையில் இன்னொரு பாதி இருந்தது: பதவி நீக்கமும், சம்பள நிலுவைப் பறிமுதலும். அதை அவர் ரத்து செய்யவில்லை. ஆளை வெளியே விட்டார்கள். ஆனால் உழைத்த காசையும் ராணுவத்தில் இருந்த பெயரையும் பிடுங்கிக்கொண்டு விட்டார்கள்.

சுதந்திரம் வந்தபிறகாவது மாறியதா? வேறு அரசு வேலைக்குப் போகலாம், தடை இல்லை என்றார்கள். ராணுவத்தில் மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. ராணுவ ஒற்றுமை கெடும், இடைவெளி அதிகமாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள்.

இது முதல் வகை ஆட்களின் கதை. தோட்டத்திலிருந்து போன இரண்டாம் வகையினருக்குப் பறிமுதல் செய்யச் சம்பளம் இல்லை, நீக்கப் பதவியும் இல்லை. விசாரித்தார்கள், அடைத்தார்கள், விட்டார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் சிலர் தோட்டத்துக்கே போனார்கள், சிலர் கப்பலேறி ஊருக்கு வந்தார்கள்.

ஆறு மாசம்

ஊருக்கு வந்து இருபது வருஷம் கழித்து, 1966-ல், தமிழக அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியது. மத்திய அரசின் திட்டம் சுதந்திர வெள்ளி விழா ஆண்டில், 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. மாதம் 200 ரூபாய், ஆண்டு வருமானம் 5000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 1980 ஆகஸ்ட் 1 முதல் வருமான வரம்பை எடுத்துவிட்டு, தொகையை 300 ஆக்கி, 'ஸ்வதந்திரதா சைனிக் சம்மான்' என்று பெயரையும் மாற்றினார்கள். 'சம்மான்' என்றால் மரியாதை. ஏழைக்குக் கொடுக்கும் உதவித்தொகையாக இருந்தது, நாடு கொடுக்கும் மரியாதையாக மாறியது. இந்தப் பெயர் மாற்றம் பிற்பாடு கோர்ட்டில் ரொம்ப முக்கியமாகப் போகிறது.

திட்டத்தில் ஐ.என்.ஏ.வும் அங்கீகரிக்கப்பட்ட இயக்கங்களில் ஒன்று. நிபந்தனை, குறைந்தது ஆறு மாதம் சிறை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம் போதும் என்று தளர்வு உண்டு.

இந்த ஆறு மாசத்தை ரங்கூனுக்குப் போட்டுப் பாருங்க. 1945 மே 3-ல் பிரிட்டிஷார் ரங்கூனுக்குள் வருகிறார்கள். அன்றைக்கே ஒருவரை அடைத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், நவம்பர் 3 வரை அவர் உள்ளே இருந்தால்தான் கணக்கு நேராகும். அக்டோபர் கடைசியில் வெளியே விட்டிருந்தால் அவர் தியாகி இல்லை, நவம்பர் நடுவில் விட்டிருந்தால் தியாகி. அதே இம்பால், அதே காடு, அதே மலேரியா. நடுவில் இரண்டு வாரம்தான் வித்தியாசம். மலேயாவில் பிடிபட்ட சாதாரணத் தொண்டர்கள் பலரைப் பிரிட்டிஷார் அதிக நாள் வைத்திருக்கவே இல்லை. அவர்களுக்கு இந்தக் கதவு திறக்கவே இல்லை.

ஜெயில் ரிஜிஸ்டர் எங்கே?

அடுத்து அத்தாட்சி. முறைப்படி வேண்டியது சிறை அதிகாரி அல்லது மாவட்ட மாஜிஸ்திரேட் கொடுக்கும் சான்று. மறியல் செய்து மதுரை ஜெயிலுக்கோ அலிபுரத்துக்கோ போனவருக்கு இதில் ஒரு வாய்ப்பு இருந்தது. கோர்ட்டில் வழக்கு எண் இருக்கும், ஜெயில் ரிஜிஸ்டரில் வரிசை எண் இருக்கும். கறையான் தின்னாமல் இருந்தால் கிடைக்கும்.

ரங்கூனுக்கு யார் போய் எடுப்பது? பர்மா 1937-லேயே இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. 1948 ஜனவரி 4 முதல் தனி நாடு. 1962 முதல் ராணுவ ஆட்சி. அதோடு, 1945 மே மாதம் அங்கே வழக்கமான சிவில் நிர்வாகமே கிடையாது, அக்டோபர் வரை நடந்தது ராணுவ நிர்வாகம். முறையான வழக்கு, தீர்ப்பு, தண்டனைக் காலம் எதுவும் இல்லாமல் அடைத்து, அப்படியே விட்டவர்கள்தான் அதிகம்.

நான் சாஃப்ட்வேர்க்காரன், அதனால் இதை என் தொழில் கண்ணால்தான் பார்க்க வருகிறது. இரண்டு டேபிளை இணைக்க ஒரு கீ வேண்டும். இங்கே ஒரு பக்கம் காரியாபட்டியில் உயிரோடு ஒரு ஆள். மறுபக்கம் ரங்கூனில் ஒரு ரிஜிஸ்டர், அது இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. நடுவில் கீ என்று சொல்ல இருப்பது வெறும் பெயர். அந்தப் பெயரை ஒரு வெள்ளைக்கார கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். இனிஷியல் ஊரைக் குறிக்குமா, அப்பாவைக் குறிக்குமா? வயசும் உத்தேசம்தான், அந்தக் காலத்தில் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்?

போதாக்குறைக்கு நம்ம மாவட்டமே பெயர் மாறிக்கொண்டிருந்தது. 1945-ல் ஊர் கேட்டால் 'ராம்நாடு ஜில்லா' என்று சொல்லியிருப்பார். 1985-ல் அது பிரிந்து காமராஜர் மாவட்டம் ஆனது. 1997-ல் விருதுநகர் மாவட்டம் ஆனது. ஆள் அதே வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார், முகவரி மட்டும் மூன்று. சரிபார்க்கும் எழுத்தருக்கு மூன்றும் மூன்று ஆளாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பக்கத்தில் படுத்திருந்தவரின் சாட்சி

ஆவணம் கிடைக்காத இடத்தில் விதி ஒரு மாற்று வழி வைத்திருந்தது: உடன் சிறையிலிருந்தவர் சான்று. 'இன்னாரை எனக்குத் தெரியும், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்தச் சிறையில் என்னோடு இருந்தார்' என்று, தன் சிறைவாசத்தை ஏற்கெனவே நிரூபித்த ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதை யோசித்தால் ஒரு வகையில் அழகான ஏற்பாடு. அடைத்தவனின் கணக்குப் புத்தகத்தை நம்பாமல், கூடவே அடைபட்டவனின் நினைவை அரசு நம்புகிறது. ரங்கூன் ஜெயில் விஷயத்தில் உண்மையான ரிஜிஸ்டர் என்று ஒன்று இருந்தால் அது அந்த மனிதர்கள்தான். ஒருவர் மற்றவருக்கு ஆவணம்.

நடைமுறையில் மூன்று ஓட்டை. முதலாவது, சான்று கொடுப்பவர் உயிரோடு இருக்க வேண்டும், எங்கே இருக்கிறார் என்று தெரியவும் வேண்டும். ரங்கூனில் பக்கத்தில் படுத்திருந்தவர் பஞ்சாபியாக இருந்தால்? காரியாபட்டியிலிருந்து கடிதம் எழுத எந்த மொழி, எந்த முகவரி?

இரண்டாவது, முதலில் பென்ஷன் வாங்கிவிட்ட சிலர் பலருக்குச் சான்று கொடுத்தார்கள். ஐந்தாறாயிரம் பேர் அடைபட்டிருந்த இடத்தில் ஒருவருக்கு நூறு பேரைத் தெரிந்திருப்பது இயல்பு. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரே கையெழுத்து இருபது விண்ணப்பத்தில் வந்தால் சந்தேகம் வராமல் இருக்காது.

மூன்றாவது, அந்தச் சந்தேகம் முழுக்க ஆதாரமற்றதும் இல்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் ஹைதராபாத் விடுதலைப் போராட்டத்தின் பெயரால் போலித் தியாகிகள் பென்ஷன் வாங்கிய விவகாரம் விசாரணைக் கமிஷன் வரை போய், 2005-ல் உச்ச நீதிமன்றத்திலும் பேசப்பட்டது. சுதந்திரம் வந்தபோது சின்னப் பிள்ளையாக இருந்தவர்கள்கூடத் தியாகி ஆகியிருந்தார்கள். அங்கே நடந்த மோசடியின் நிழல் இங்கே உண்மையாகவே ஜெயிலில் இருந்தவர் மேலும் விழுந்தது. அதிகாரியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரு போலியை விட்டால் தன் வேலை போகும், ஒரு நிஜத்தைத் தள்ளினால் ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு ஏற்பாட்டில் உட்கார்ந்தால் யார் கையும் 'நிராகரிக்கப்பட்டது' என்றுதான் எழுதும்.

கோர்ட் சொன்னது

மத்தியத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி 1982 மார்ச் 31. அதற்குள் தகவல் தெரியாத கிராமத்து ஆட்கள் எத்தனையோ பேர். இது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முகுந்த் லால் பண்டாரி வழக்கில் 1993-ல் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: நாடு மரியாதை செய்ய வந்த திட்டம் இது, தேதி தாண்டிவிட்டது என்று சொல்லி ஒரு தியாகியைத் திருப்பி அனுப்பக் கூடாது. தகுதி இருந்தால் விண்ணப்பம் வந்து சேர்ந்த நாளிலிருந்து பென்ஷன் கொடுக்க வேண்டும்.

2001-ல் குர்தியால் சிங் வழக்கு. இது அத்தாட்சியைப் பற்றியது. கிரிமினல் வழக்கில் குற்றத்தை நிரூபிப்பதுபோல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபி என்று இவர்களிடம் கேட்கக் கூடாது, நடந்திருக்கக் கூடியது எது என்று பார்த்து முடிவெடுத்தால் போதும் என்றது நீதிமன்றம். அரை நூற்றாண்டு கழித்து ஒரு கிழவரிடம் கச்சிதமான ஆவணம் கேட்பது திட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்பதுதான் அதன் அடிப்படை.

இந்த இரண்டு தீர்ப்பும் வந்தபின் நிலைமை சரியாகியிருக்க வேண்டும். 2004 ஜூலையில் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்தபோது, தென் மாவட்டத்து ஐ.என்.ஏ.காரர்களும் அவர்களுடைய மனைவிமாரும் இன்னும் இதே கேள்விக்காகப் படியேறிக்கொண்டுதான் இருந்தார்கள். 1945-ல் இருபது வயசுப் பையன் 2004-ல் எழுபத்தொன்பது. சென்னையில் 2020-ல்கூட, தொண்ணூறைத் தாண்டிய ஒரு ஐ.என்.ஏ. வீரர் பல பத்தாண்டுகள் காத்திருந்து உயர் நீதிமன்றத்தில் பென்ஷன் உத்தரவு வாங்கினார். உள்ளே இருந்தது மாசக் கணக்கில். அதை நிரூபிக்க எடுத்துக்கொண்டது ஆயுள் கணக்கில்.

அமெரிக்காவை இங்கே ஒப்பிட்டால் ஒரு விசித்திரம் தெரிகிறது. அங்கே ஒரு முன்னாள் படைவீரர் பெரிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனால், 61-ஆம் நாளிலிருந்து அவருடைய ஊனத் தொகையைக் குறைத்துவிடுவார்கள். வெளியே வந்ததும் பழையபடி கொடுப்பார்கள், ஆனால் அவராகவே தெரிவித்துக் கேட்க வேண்டும். பலருக்கு அது தெரியாது என்பதால், படைவீரர் நலத் துறையின் ஆட்கள் விடுதலைக்கு முன்பே ஜெயிலுக்குள் போய்ப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். அங்கே சிறை உரிமையைக் குறைக்கிறது. நம்ம ஐ.என்.ஏ. ஆட்களுக்குச் சிறைதான் உரிமையே. இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றுதான். ஜெயில் கதவுக்கும் பென்ஷன் மேஜைக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அந்த ஆள் தனியாக நடக்க முடியாது, யாராவது இந்தப் பக்கத்திலிருந்து எதிரே போக வேண்டும். 1945-ல் படேல் தலைமையில் காங்கிரஸ் அமைத்த ஐ.என்.ஏ. நிவாரணக் குழு ஓரளவு அப்படிப் போனது. 1972-க்குப் பிறகு ஆள் தேடிப் போக அப்படி ஓர் ஏற்பாடு இல்லை, விண்ணப்பப் படிவம்தான் இருந்தது.

கோப்பு யாருக்கு?

இன்றைக்குத் தொகை நல்ல நிலையில் இருக்கிறது. தமிழக அரசின் தியாகி ஓய்வூதியம் 2024 சுதந்திர தின அறிவிப்பின்போது மாதம் 21,000 ரூபாய் ஆனது, குடும்ப ஓய்வூதியம் 11,500 ஆனது. வாங்கத்தான் ஆள் இல்லை. ரங்கூன் ஜெயிலில் இருந்த தலைமுறை அநேகமாக முடிந்துவிட்டது. அப்படியென்றால் இது முடிந்துபோன விஷயமா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் அந்தக் கோப்புகள்.

ஐ.என்.ஏ. பற்றி வந்த புத்தகங்களில் பேசுபவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். செங்கோட்டை மூவர் இருப்பார்கள், கேப்டன் லட்சுமி இருப்பார். ரப்பர் தோட்டத்திலிருந்து போன சாதாரணச் சிப்பாய் புத்தகம் எழுதவில்லை. பலருக்கு எழுதவே தெரியாது. ஆனால் பென்ஷனுக்காக அவர் ஒரு பக்கம் சொல்லி எழுதவைத்தார். எந்த ஊர், எந்த வருஷம் கப்பல் ஏறினார், எந்தத் தோட்டம், யார் சொல்லிப் படையில் சேர்ந்தார், எங்கே பிடிபட்டார், எந்த ஜெயில், யார் கூட இருந்தார். கூட இருந்தவர் எழுதிக் கொடுத்த சான்று இன்னொரு பக்கம். நிராகரித்த கடிதம் அதற்கும் மேல். கலெக்டர் அலுவலகங்களிலும் தலைமைச் செயலகத்திலும் கட்டுக்கட்டாக இருக்கும் இந்தக் கோப்புகள்தான் அந்தச் சாதாரணத் தமிழ்ச் சிப்பாயின் எழுதப்பட்ட ஒரே வரலாறு. ஏற்கப்பட்ட மனு, தள்ளப்பட்ட மனு என்ற பேதம் வரலாற்றுக்குக் கிடையாது. சொல்லப்போனால் தள்ளப்பட்டதில்தான் விவரம் அதிகம் இருக்கும், மறுபடி மறுபடி விளக்கம் எழுதியிருப்பார் இல்லையா?

அரசு அலுவலகக் கோப்புகளுக்கு ஆயுள் உண்டு. குறித்த வருஷம் முடிந்தால் அழிக்கலாம் என்பது நடைமுறை. பயனாளி இறந்துவிட்டார், குடும்ப ஓய்வூதியமும் முடிந்தது என்றால் அந்தக் கட்டு இடத்தை அடைக்கும் காகிதம்தான். பழைய ராமநாதபுரம் ஜில்லா மூன்றாகப் பிரிந்ததால் எந்தக் கட்டு ராமநாதபுரத்தில், எது சிவகங்கையில், எது விருதுநகரில் என்று தேடுவதே ஒரு வேலை. இவற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி ஸ்கேன் செய்து வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளில் ஒரு பகுதி 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கிறது. மாவட்டக் கோப்புகளுக்கும் அது முடியும்.

படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க தாத்தாவோ பூட்டனோ பர்மா, மலாயா போய்வந்தவர் என்றால், பரணில் இருக்கும் தகரப்பெட்டியை ஒருதரம் திறந்து பாருங்க. 1972-ல் கொடுத்த தாமிரப் பட்டயம் இருந்தால் அது கண்ணில் படும், எல்லாரும் எடுத்து வைத்திருப்பார்கள். அதைவிட முக்கியம் பழுப்பேறிய டைப் அடித்த காகிதங்கள்: உடன் சிறையிலிருந்தவர் சான்றின் நகல், தாசில்தாருக்கு எழுதிய மனு, 'தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்ற பதில். போனில் தெளிவாகப் படம் எடுத்து, பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்க. வீட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் மனு போட்டது நினைவிருக்கிறது என்றால், வாரிசு என்ற முறையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கோப்பின் நகலைக் கேட்கலாம். கேட்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தாலே ஒரு கோப்பின் ஆயுள் கொஞ்சம் கூடும்.

ரங்கூனில் பக்கத்தில் படுத்திருந்தவர் எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கத்தை அன்றைக்கு அரசு போதாது என்றது. இப்போது அதைத் தவிர வேறு அத்தாட்சி யாரிடமும் இல்லை.